வெள்ளிக்கிழமை நித்திரை

சாய்ந்தமருது
17.01.2025, வெள்ளி

அஸ்பியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் நீ நடமாடுவது செருப்புச் சத்தத்தில் தெரிகிறது. இருந்தாலும் எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இனி நாம் இரண்டு பேரும் போனில் கதைக்கக் கூடாது, பிள்ளையைப் பற்றி ஏதும் இருந்தால் கடிதமாகக் கொடுத்துக்கொள்ளட்டும் என்று காதி கோட்டில் காதியார் சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும்.

இன்று மூன்றாவது வெள்ளி. ஜும்ஆத் தொழுகை முடிந்ததிலிருந்து பின்னேரம் அஸர் பாங்கு வரை நான் மகளைப் பார்க்கலாம் என்பது தீர்ப்பு. மூன்று வெள்ளியும் ஸஹ்றா நித்திரை. முதல் வெள்ளி தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாம் வெள்ளி, தடிமன் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். இன்றைக்கு என்ன நினைப்பது என்று தெரியவில்லை. உன் வாப்பா முன்விறாந்தையில் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டு இருக்கிறார். நான் இந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இரண்டு மணித்தியாலமாகக் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். வருத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நோயாளி நாலு வார்த்தை கதைப்பார்.

கிழமையில் ஆறு நாளும் கடை. வெள்ளியில்தான் பகலில் பூட்டுவேன். அதனால்தான் இந்த நேரத்தைக் கேட்டேன். அடுத்த வெள்ளி நான் வரும்போது பிள்ளையை எழுப்பி, உடுப்பு மாற்றி வை. பெரிய வேலை இல்லை இது.

கடிதத்தை அவளுடைய தலையணைக்குக் கீழ் வைத்துவிட்டுப் போகிறேன்.

றாஸிக்


சாய்ந்தமருது
23.01.2025

ஸஹ்றாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். முதலில் ஒன்று. தலாக்குக்குப் பிறகு இருக்க வேண்டிய என்னுடைய இத்தா முடிந்துவிட்டது. நான் உங்களுக்கு அந்நியப் பெண். 'நீ' என்று எழுத இனி உங்களுக்கு உரிமை இல்லை. கடைக்குக் குழாய் வாங்க வருகிற பெண்களோடு எப்படிக் கதைப்பீர்களோ அப்படி எழுதுங்கள்.

இரண்டாவது. நேரத்தைக் கேட்டது நீங்கள். காதியார் என்னைப் பார்த்து, "உங்களுக்கு இந்த நேரம் சரியா மகள்?" என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன். எனக்குச் சிரிப்பை அடக்குவது கஷ்டமாக இருந்தது. பிறந்து பதினாறு மாதம் அந்தப் பிள்ளையோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தீர்கள். பகல் ஒரு மணிக்குச் சோறு தின்று, ஏணையில் போட்டால் அஸர் வரைக்கும் உறங்குகிற பிள்ளை அது. ஏணையை விட்டுக் கட்டிலுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. இந்தத் தெருவில் மீன் விற்கிறவருக்குக்கூட அது தெரியும். அந்த நேரம் எங்கள் வாசலில் ஹோன் அடிக்க மாட்டார். பெற்ற வாப்பாவுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது. மருதமுனையில் உங்கள் உம்மா வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீங்கள் அனுப்பிய வொயிஸ் இன்னும் என் போனில் இருக்கிறது. "ராவு ராவா அழுற புள்ளயோட எனக்கு ஏலா. ஒழுங்கா ஒறங்கப் பழகினா சொல்லி அனுப்பு, நான் வாறன்." ஒரு கிழமை என்று போன ஆள், பிறகு தலாக்கைத்தான் அனுப்பி வைத்தீர்கள்.

இப்போது அவள் ஒழுங்காக உறங்குகிறாள். நீங்களும் வந்திருக்கிறீர்கள். இன்னும் என்ன குறை?

நித்திரை கொள்ளும் பிள்ளையை எழுப்பினால் பொழுதுபட்டு மஃரிப் வரை சிணுங்குவாள். அந்தச் சிணுங்கல் எனக்கு, உங்களுக்கு இல்லை. ஆகவே எழுப்ப மாட்டேன். தீர்ப்பில் 'தகப்பன் பிள்ளையைப் பார்க்கலாம்' என்றுதான் இருக்கிறது. பிள்ளை தகப்பனைப் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. வாசித்துப் பாருங்கள்.

அஸ்பியா


சாய்ந்தமருது
21.02.2025, வெள்ளி

மரியாதைக்குரிய அஸ்பியா அவர்களுக்கு,

ஸலாம். நீங்கள் கேட்ட மரியாதை தலைப்பிலேயே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்த கோபத்தில் இரண்டு வெள்ளி வரவில்லை. அதற்கும் நீங்கள் சந்தோஷப்பட்டிருப்பீர்கள் என்று தெரிந்ததும் மறுபடி வந்தேன்.

எட்டு வெள்ளியில் ஆறு வந்திருக்கிறேன். ஆறிலும் பார்த்ததை எழுதுகிறேன். வலது முழங்காலில் ஒரு காயம் ஆறி, தோல் உரிந்து வருகிறது. நெற்றி முடியை நீங்களே வெட்டியிருக்கிறீர்கள், கோணல். உறங்கும்போது இடது கைப் பெருவிரலை மற்ற நாலு விரலுக்குள்ளும் ஒளித்து வைக்கிறாள். என் வாப்பாவும் அப்படித்தான் படுப்பார். போன வெள்ளி அவளுடைய பாதத்தை என் சாணால் அளந்துகொண்டு போய் ஒரு சோடி செருப்பு வாங்கினேன். இன்று போட்டுப் பார்த்தேன், சின்னது. நித்திரையில் அவள் கால் விரல்களை மடக்கியிருந்தது எனக்குத் தெரியவில்லை. செருப்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன், யாருக்காவது கொடுங்கள்.

அவளுடைய குரல் எப்படி இருக்கும்? நான் போகும்போது அழத் தெரியும், "ம்மா" என்று சொல்வாள், அவ்வளவுதான். இப்போது என்னென்ன கதைப்பாள்? வாப்பா என்று சொல்வாளா?

வீட்டை விட்டுப் போனது பிழைதான். எழுத்தில் தருகிறேன், வேண்டுமென்றால் குடும்பக் குறூப்பில் போடுங்கள். ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் வாப்பா கட்டித் தந்த வீடு, உங்கள் வாப்பா வாங்கித் தந்த கட்டில். பிள்ளை அழும் போதெல்லாம் உங்கள் வீட்டார் நாலு பேர் ஓடி வந்து என் கையிலிருந்து பறித்தார்கள். "உங்களுக்குத் தெரியாது, தாங்க." பதினாறு மாதமும் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த வேலை கதவைத் திறந்து விடுவதுதான்.

கெஞ்சிக் கேட்கிறேன். அரை மணித்தியாலம் போதும். கண் திறந்திருக்கும் ஒரு அரை மணித்தியாலம்.

றாஸிக்


சாய்ந்தமருது
13.03.2025

ஸஹ்றாவின் வாப்பாவுக்கு,

நோன்பு காலம். நோன்போடு ஒருவரைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கதைப்பாள், நன்றாகவே கதைப்பாள். "எனக்கு ஏலா" என்பாள், உங்களிடமிருந்துதான் வந்திருக்கும். நாய்க்கு "பபி", கடலுக்கு "பெரிய தண்ணி".

வாப்பா என்றும் சொல்வாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே வந்தது. வெள்ளிகளில் சோறு ஊட்டி முடிந்ததும், "வாப்பா வாற நேரம், படுங்க மகள்" என்போம். அது அவளுக்கு வேறு மாதிரி விளங்கிவிட்டது. இப்போது புதன்கிழமையும் பகலில் கண் சொருகினால் தலையணையை இழுத்துக்கொண்டு வந்து, "உம்மா, வாப்பா வருது" என்கிறாள். வாப்பா என்றால் பகல் நித்திரைக்குப் பெயர் என்று நினைத்திருக்கிறாள். திருத்தலாம். திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கையிலிருந்து பறித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பறித்தவர்கள் இரவு இரண்டு மணிக்கும் பறித்திருப்பார்கள், நீங்கள் கொடுப்பதற்கு எழும்பியிருந்தால். ஆடு நனையுதே என்று ஓநாய் அழுத கதையை என்னிடம் சொல்ல வேண்டாம்.

செருப்பை எதிர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன், அளவாக இருந்தது.

அரை மணித்தியாலம் தர ஏலாது.

அஸ்பியா


சாய்ந்தமருது
13.06.2025, வெள்ளி

அஸ்பியா அவர்களுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் ஸலாம். இந்தக் கடிதத்தை மகளுக்குப் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்துப் பிழைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெருநாளுக்கு முந்திய கிழமை, கிளினிக்கில் வேலை செய்யும் மிட்வைஃப் ஒருவர் கடைக்குக் குழாய் வாங்க வந்தார். வாய்விட்டுக் கேட்டேன். "மூணு வயசு ஆகப் போறண்டா கனக்கப் புள்ளைகள் பகல் நித்திரைய விட்டுடும் தம்பி. விடாட்டியும் ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான். ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல ஆடாம அசையாமக் கிடக்குறா எண்டா ஒண்ணில் காய்ச்சல், இல்லாட்டி ஆரோ மருந்து குடுக்கிற" என்றார்.

தடிமனுக்குக் குடுக்கிற மருந்துப் பாணி ஏதும் பருக்கிப் போட்டு என் பிள்ளையைக் கிடத்தி வைத்திருக்கிறீர்கள் என்றே முடிவு செய்துகொண்டு இன்று வந்தேன். குனிந்து வாயை மணந்து பார்த்தேன். மாம்பழம்தான் மணத்தது. நிமிரும்போது கண்டேன். இமை துடித்தது. உள்ளே கண்மணி ஓடியது. கால் பெருவிரல் மடிந்தது. மூச்சை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிடிக்க முடியாமல் மூக்கால் விட்டாள்.

என் மகள் முழித்திருந்தாள். எத்தனை வெள்ளியாக இப்படியோ, அல்லாஹ்வுக்கும் உங்களுக்கும்தான் தெரியும்.

எழுப்பவில்லை நான். நித்திரை கொள்பவரை எழுப்பலாம், நித்திரை கொள்பவர்போல் கிடப்பவரை எழுப்ப ஏலாது என்பார்கள். அதனால் கதை சொன்னேன். மாவடிப்பள்ளியிலிருந்து வந்த ஒருவர் கடையில் கக்கூசுக்கு வெள்ளைக் கொமட் வாங்கினார். அதை லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் ஏற்றி, உடைந்து விடும் என்று பயந்து, தானே அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு பஸார் நடுவே ராசா மாதிரிப் போனார். சனமெல்லாம் கடையை விட்டு வெளியே வந்து பார்த்தது. இதைச் சொன்னதும் வலது கன்னத்தில் குழி விழுந்தது. அவளுக்குக் கன்னக்குழி இருப்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். சிரிப்பை விழுங்கினாள். கண்ணை இன்னும் இறுக்கினாள்.

ஒரு மணித்தியாலம் கதைத்தேன். பிறந்து இத்தனை நாளில் அவளோடு நான் இருந்த நல்ல நேரம் இதுதான். அதை நினைக்க நினைக்கத்தான் உங்கள்மேல் ஆத்திரம் வருகிறது. மூன்று வயதில்லாத பிள்ளைக்கு நடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். நான் காதியாரிடம் போகிறேன். அஸருக்குப் பிறகு மஃரிப் வரை கேட்பேன். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளையும் உறங்காது.

றாஸிக்


சாய்ந்தமருது
19.06.2025

ஸஹ்றாவின் வாப்பாவுக்கு,

போங்கள். காதியார் கேட்டால் நானே சொல்வேன்.

சித்திரை வெயிலோடு அவளுடைய பகல் நித்திரை போய்விட்டது. நாலு நாள் படுக்க வைத்துப் பார்த்தேன், சுவரைச் சுரண்டிக்கொண்டு கிடந்தாள். ஒரு வெள்ளி நீங்கள் வந்து இறங்கும் நேரம் மகள் முழித்துக்கொண்டு ஓடித் திரிகிறாள். எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. அள்ளிக் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டு, கண்ணை மூடு என்றேன். மூடினாள். அஸர் பாங்கு சொல்லி, நீங்கள் போனதும், "எப்படி உம்மா?" என்று கேட்டாள். கொஞ்சினேன். இது விளையாட்டு. பிள்ளைகள் எத்தனை விளையாட்டு விளையாடுகின்றன, கண்ணாமூச்சி இல்லையா? அவளுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

நீங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து ஏங்குவதைக் கதவிடுக்கால் பார்ப்பேன். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நாலு மாதம் அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, நீங்கள் வருவீர்களா என்று இதே வாசலை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த நாட்கள் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. உங்களுக்கு மட்டும் ஏன் கன்னக்குழி?

அஸ்பியா


மருதமுனை
16.08.2025

அஸ்பியா அவர்களுக்கு,

இனித் தலையணைக்குக் கீழ் வைக்க மாட்டேன் என்பதால், உங்கள் ஒன்றுவிட்ட தம்பி நளீமின் திரீவீலில் கொடுத்து அனுப்புகிறேன்.

காதியார் நேரத்தை மாற்றித் தந்தது உங்களுக்குத் தெரியும். நேற்று அஸர் தொழுதுவிட்டு வந்தேன். மூன்று வயது முடிந்த பிள்ளைக்கு ஒரு சின்ன சைக்கிள் வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். கேற்றைத் திறக்கும்போது ஸஹ்றா முற்றத்தில் வாளியில் மண் அள்ளிக்கொண்டு இருந்தாள். ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய குரலை முதல் தடவையாகக் கேட்டேன். கொஞ்சம் கரகரப்பான குரல். கேற்றுச் சத்தத்துக்கு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணும் கண்ணும் பார்த்தது ஒரு நொடிதான்.

வாளியைப் போட்டாள். இருந்த இடத்திலேயே, வெயில் மண்ணில், நேராகப் படுத்தாள். கண்ணை மூடினாள்.

நீங்கள் விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள், அதனால் மிச்சத்தைச் சுருக்கமாக எழுதலாம். ஆனால் எழுதத்தான் போகிறேன். பக்கத்தில் குந்தினேன். "மகள், இது படுக்கிற நேரமில்ல, எழும்புங்க, சைக்கிள் இரிக்கி" என்றேன். கொமட் கதையைச் சொன்னேன். கன்னம் அசையவில்லை. ஒரு எறும்பு அவளுடைய உதட்டில் ஏறியது. கையை எடுத்துத் தட்டவில்லை, நான்தான் தட்டிவிட்டேன். என் விரல் பட்டதும் உடம்பு முழுக்க விறைத்தது. தூக்கி மடியில் வைப்போம் என்று கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்தேன். அப்போது அவளுடைய பாவாடை நனைந்தது. மண்ணெல்லாம் நனைந்தது. அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

விளையாட்டு என்று எழுதினீர்களே, எந்த விளையாட்டில் பிள்ளை சிறுநீர் விடும்?

நான் கையை எடுத்துவிட்டேன். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்துவிட்டேன். கேற்றுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் எடுத்த பிறகுதான் அவள் வீறிட்டு அழுவது கேட்டது.

வரிப்பத்தான்சேனையில் எனக்கு ஒரு கலியாண இடம் பேசியிருக்கிறார்கள். வீடும் தயாராக இருக்கிறது. மகளுக்காகத்தான் இத்தனை மாதம் இழுத்தடித்தேன். இன்று ஓம் என்று சொல்லிவிட்டேன். இனி வர மாட்டேன் என்று காதியாரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கும் ஒரு நிம்மதி வேண்டும். நான் வராவிட்டால் அவள் கண்ணைத் திறந்துகொண்டு விளையாடுவாள். நீங்கள் கேட்டதும் அதுதானே. வென்றுவிட்டீர்கள், வைத்துக்கொள்ளுங்கள்.

றாஸிக்


சாய்ந்தமருது
29.08.2025, வெள்ளி

ஸஹ்றாவின் வாப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தபோது சந்தோஷப்பட்டேன். பொய் எழுதி என்ன ஆகப் போகிறது. எங்கள் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

விளையாட்டு என்று நான் எழுதியதும் பொய். அந்த முதல் வெள்ளி அவள் கண்ணை மூட மாட்டேன் என்றாள். "வாப்பாவப் பாக்கப் போறன்" என்று கட்டிலால் குதித்தாள். அப்போது நான் சொன்ன வார்த்தை இது. "கண்ணத் திறந்தா வாப்பா உன்னத் தூக்கிக்கிட்டுப் போயிடுவாரு. மறுகா உம்மா இல்ல." அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் சொன்னேன். முற்றத்தில் அன்றைக்கு நீங்கள் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்தபோது அவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று இப்போது உங்களுக்கு விளங்கும். எனக்கு அப்போதே விளங்கியது. விளங்கியும் விறாந்தையை விட்டு இறங்கவில்லை.

போன வெள்ளி நீங்கள் வரவில்லை. நீங்கள் வரும் நேரமாகி அஸர் பாங்கு சொன்னது. பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தவள் அதை அப்படியே வைத்துவிட்டு, தானாகப் போய்க் கட்டிலில் நேராகப் படுத்துக் கண்ணை மூடினாள். களைப்பாக்கும் என்று விட்டுவிட்டேன். மஃரிப் ஆனது. எழும்பவில்லை. போய்ப் பார்த்தால் விரிப்பெல்லாம் ஈரம். இமை துடித்துக்கொண்டு இருக்கிறது.

"எழும்புங்க மகள்" என்றேன்.

"வாப்பா இன்னும் போகல்லியே" என்றாள். உதடு மட்டும் அசைந்தது.

"வாப்பா வரவே இல்ல. இனி வரவும் மாட்டாரு. கண்ணத் திறந்து பாருங்க."

திறக்கவில்லை. வந்தீர்களா இல்லையா என்று பார்க்க அவள் கண்ணைத் திறக்க வேண்டும். திறந்தால் உம்மா இல்லை என்று சொன்னவள் நான்தான். இப்போது நானே திற என்றால் எப்படி நம்புவாள்? அன்றிரவு உண்மையாகவே நித்திரையாகி, காலையில் எழும்பித்தான் சோறு தின்றாள்.

இன்றும் அஸருக்குப் படுத்துவிட்டாள். எங்கள் வாப்பா ஒரு யோசனை செய்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு அறைக்குள் வந்து, கதிரையை இழுத்து, "சரி மகள், நான் போறன்" என்று சொல்லிவிட்டு நடந்து போய்க் கேற்றைச் சாத்தினார். நான் ஓடிப் போய், "வாப்பா போயிட்டாரு" என்றேன். "அது வாப்பா இல்ல, உம்மாட வாப்பா" என்றாள். பிறகு கண்ணை மூடியபடியே எனக்குச் சொல்லித் தந்தாள். வாப்பா இருமிவிட்டுத்தான் எழும்புவாராம். கடைப் பூட்டின் திறப்புக் கோர்வை கிலுங்குமாம். அவருடைய மோட்டார் சைக்கிள் இரண்டு தரம் உதைத்த பிறகுதான் ஸ்டார்ட் எடுக்குமாம். இத்தனை வெள்ளியும் கண்ணை மூடிக்கொண்டு உங்களைப் பாடமாக்கியிருக்கிறாள்.

நளீம் கேற்றில் காத்துக்கொண்டு நிற்கிறான், நீங்கள் இப்போது இருக்கிற வரிப்பத்தான்சேனைக்கே கொண்டு வந்து தருவான். எந்த முகத்தோடு கேட்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். முகம் ஒன்றும் இல்லை. உங்களைத் தங்கச் சொல்லவில்லை, அவளோடு கதைக்கச் சொல்லவில்லை, தொடவும் வேண்டாம். உங்கள் புது வீட்டாரிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்த வெள்ளி கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் இருந்து, இருமி, எழும்பி, மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் எடுத்துக்கொண்டு போங்கள். அவள் கேட்கட்டும்.

போவதற்காக ஒரு தடவை வாருங்கள்.

அஸ்பியா